கத்தியோடிய கதை

மூன்று நாளைக்கு வாயைத் திறப்பதில்லை என்று மகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டுத்தான் கோயம்புத்தூரில் வந்து இறங்கினேன்.

என் தொண்டை அப்படி. அப்பாவுக்குச் சிங்கப்பூர் தேக்கா சந்தையில் மீன்கடை. பத்து வயதில் அங்கே நின்று கூவ ஆரம்பித்தவள் நான். இப்போது ஐம்பத்து நான்கு ஆகிறது, இன்னும் நிறுத்தவில்லை. நான் ரகசியம் சொன்னால் மூன்றாவது வீட்டிலிருந்து பதில் வரும்.

மகள் யாழினி, தன்னோடு வேலை பார்க்கும் பிரபுவை விரும்பினாள். பையனுக்குச் சொந்த ஊர் காங்கேயம், வீட்டில் தேங்காய் எண்ணெய் ஆலை. அவனுடைய அம்மா பூங்கொடி, "ஒருக்கா வந்து ஊட்டைப் பாத்துப்போட்டுப் போங்க" என்று என்னை அழைத்திருந்தார். என் கணவருக்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. எனவே நான் மட்டும் கிளம்பினேன்.

"அம்மா, அவங்க ஊர்ல கொசுவைக்கூட வாங்க போங்கன்னுதான் கூப்பிடுவாங்க," என்றாள் யாழினி. "பிரபுவோட தாய்மாமா துரைசாமி தலையாட்டினாத்தான் உப்புச்சர்க்கரை மாத்துவாங்க. நிச்சயதார்த்தம்மா அது. உங்க குரலைக் கேட்டா அந்த மனுஷன் ஓடியே போயிடுவார். ப்ளீஸ், கத்தாதீங்க. எதைக் கேட்டாலும் சிரிச்சுத் தலையாட்டுங்க, போதும்."

பெற்ற பெண் இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் சுருக்கென்று இருக்காது? ஆனால் அவள் கண்ணில் பயம் தெரிந்தது. சரி, மூன்று நாள்தானே என்று ஒப்புக்கொண்டேன். பழக்கம் வரட்டும் என்று விமானம் இறங்கியதிலிருந்தே குசுகுசுவென்று பேச ஆரம்பித்தேன். எழும்பி நின்று பெட்டியை எடுக்க உதவி கேட்டபோது, பக்கத்து இருக்கைக்காரர் எனக்குத் தொண்டையில் ஏதோ வியாதி என்று நினைத்து, பெட்டியோடு ஒரு இருமல் மிட்டாயும் கொடுத்தார்.

வெளியே வருவதற்குள் பூங்கொடியிடமிருந்து செய்தி வந்துவிட்டது. எங்கள் இருவருக்கும் பொதுவான விஷயம் ஒன்று உண்டு. நான் கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் தினமும் பத்து கிலோமீட்டர் ஓடுகிறவள். அவரும் காங்கேயத்தில் ஏழெட்டுப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு காலையில் ஓடுகிறவர். செய்தி இதுதான்:

"வாங்க வாங்க. நாளான்னிக்கு வெடியால நாங்க அம்மணிக அல்லாரும் ஓடப் போறமுங்க. நீங்களும் வரோணும். ஷூ மட்டும் இருந்தாப் போதுமுங்க. கொறங்காட்டுக்குள்ள கத்தியோடோணும். மறந்துபோடாதீங்க."

ஆட்டோவில் ஏறியதும் ஓட்டுநரிடம் கொறங்காடு என்றால் என்ன என்று கிசுகிசுத்தேன். "மாடு, ஆடு மேய உடறதுக்கு முள்ளுவேலி போட்டு வெச்சிருப்பாங்களேங்க, அதுதானுங்க," என்றார். அப்படியானால் சரிதான். முள், பாம்பு, என்னென்னவோ இருக்கும். அதனால்தான் கத்தியோடு ஓட வேண்டுமாம்.

எனக்கு வியர்த்துவிட்டது. எங்கள் ஊரில் ஓடும்போது எதிரே வருகிற அதிகபட்ச ஆபத்து நீர்நாய்க் குடும்பம். அதுவும் ஒழுங்காக வரிசையில் போகும். அங்கே கையில் கத்தியோடு ஓடினால் அடுத்த வேளைச் சாப்பாடு காவல் நிலையத்தில்தான். யாழினிக்குப் போன் செய்தேன்.

"கிராமத்துப் பக்கம் அப்படித்தான்மா இருக்கும். ஒண்ணு வாங்கிக்குங்க," என்றாள். "எதுக்குன்னு அவங்ககிட்ட கேட்டு மானத்தை வாங்காதீங்க."

மீன்கடைக்காரன் மகளுக்குக் கத்தி வாங்கத் தெரியாதா? இறங்கிய விடுதியில் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கிளம்பினேன். அரிசியும் பருப்பும் சாதம், மேலே நெய். சாம்பார் சாதத்துக்கு ஒரு அமைதியான தங்கை இருந்தால் இப்படித்தான் இருப்பாள். நானும் அன்று அமைதி என்பதால் எங்கள் இருவருக்கும் நன்றாகவே ஒத்துப்போயிற்று. மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

உக்கடத்தில் ஒரு இரும்புக்கடை. மண்வெட்டியும் கடப்பாரையும் வாசலில் சாய்ந்திருந்தன. கடைக்காரர் வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. நான் அவர் காதருகே குனிந்து, "ஒரு கத்தி வேணும்," என்று கிசுகிசுத்தேன்.

"எதுக்குங்க?"

"ஓடறதுக்கு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "வெட்டிப்போட்டு ஓடறதுக்குங்களா, ஓடிப்போயி வெட்டறதுக்குங்களா?"

"சும்மா ஓடறதுக்கு," என்றேன்.

"சும்மா ஓடறதுக்குக் கத்தி எதுக்குங்க?" என்று அவரும் குரலைத் தாழ்த்திவிட்டார். நாங்கள் இரண்டு பேரும் கிசுகிசுப்பதைப் பார்த்து, ஆணி வாங்க வந்த ஒருவர் ஆணியை வாங்காமலே போய்விட்டார்.

முதலில் ஒரு கொடுவாளை எடுத்து வைத்தார். அதைத் தூக்கிக்கொண்டு ஓடினால் கொடுவாள் காங்கேயத்துக்கு முதலில் போய்ச் சேரும், நான் பின்னால் போவேன். அடுத்து இளநீர் சீவும் அரிவாள். பிறகு உறையோடு ஒரு சூரிக்கத்தி. எல்லாமே கனம். கத்தியில் நான் முதலில் பார்ப்பது கனம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைத்தான். பிடியும் அலகும் சேருமிடத்தில் ஒரு விரலை வைத்துத் தூக்கினால் கத்தி தராசு மாதிரி நிற்க வேண்டும். மூக்குப் பக்கம் சாய்ந்தால் ஓடும்போது கையை இழுக்கும், பிடிப் பக்கம் சாய்ந்தால் தொடையில் அடிக்கும்.

சொன்னால் மட்டும் போதுமா, சோதிக்க வேண்டாமா? சூரிக்கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு கடைக்குள் கல்லாவிலிருந்து கடப்பாரை வரை நாலு தடவை ஓடிப் பார்த்தேன். உறை இடுப்பில் படார் படாரென்று அடித்தது. ஐந்தாவது தடவை ஓடியபோது வாசலில் சின்னதாகக் கூட்டம் கூடியிருந்தது.

"அம்மணிக்கு என்னாச்சுங்க?" என்று யாரோ கேட்டார்.

"கத்தி எடுக்கறாங்க," என்றார் கடைக்காரர். அதில் ஒரு சலிப்பும் இல்லை. புடவை எடுக்கிறார்கள் என்று சொல்வது போலவே சொன்னார்.

கடைசியில் ஒரு மடக்குக் கத்தி கிடைத்தது. மரப்பிடி, விரல் நீளத்துக்கு அலகு, மடக்கினால் உள்ளங்கைக்குள் அடங்கும். இரண்டு எலுமிச்சம்பழக் கனம்கூட இல்லை. திறந்தால் டக்கென்று நின்றது, ஆட்டினாலும் மடங்கவில்லை. ஓடுகிறவளுக்கு அதுதான் முக்கியம், இல்லையென்றால் முதலில் போவது சொந்த விரல். கையை நீட்டினேன். கடைக்காரர் அதைக் கையில் தராமல் பலகைமேல் வைத்தார்.

"கத்தியைக் கைக்குக் கை குடுக்கமாட்டனுங்க. நமக்குள்ள சண்டை வந்துருமுங்க," என்றார். அதுவரை பார்த்தேயிராத ஒரு பெண்ணோடு தனக்குச் சண்டை வந்துவிடக் கூடாது என்று கவலைப்பட்ட மனிதரை நான் அங்கேதான் பார்த்தேன்.

வாங்குவது பாதி வேலை. ஓடும்போது எங்கே வைப்பது? சாயந்திரம் உக்கடம் குளக்கரையில் சோதனை ஓட்டம் நடந்தது. காலுறைக்குள் வைத்தேன், கணுக்கால் சிவந்தது. இடுப்புப் பைக்குள் சாவியோடு சேர்ந்து சலங்கை கட்டி ஆடியது. கையிலேயே பிடித்துக்கொண்டு ஓடினேன். நடைபயிற்சிக்கு வந்தவர்கள் வரிசையாக ஓரம் கட்டி நின்றார்கள். ஒரு பெரியவர் மட்டும், "நீங்க போங்க, நீங்க போங்க" என்று எனக்கு முழுப் பாதையையும் விட்டுக்கொடுத்தார்.

பிறகுதான் புத்தி வந்தது. எனக்கு முடி அடர்த்தி. கொண்டை போட்டு, அதற்குள் மடக்கிய கத்தியைச் செருகி, மேலே வலை மாட்டினேன். ஆடவில்லை, அசையவில்லை, சத்தமும் இல்லை. கத்தியோடு ஓடுவதற்கு மனித உடம்பில் கொண்டையைவிட நல்ல இடம் கிடையாது என்பதை இந்தக் கதை மூலம் அறிவித்துக்கொள்கிறேன்.

இரண்டாம் நாள் காங்கேயம் போகப் பேருந்து ஏறினேன். நடத்துநர் வந்து ஏதோ கேட்டார். எதைக் கேட்டாலும் சிரித்துத் தலையாட்டுவது என்ற மகளின் சொற்படி, சிரித்துத் தலையாட்டினேன். சன்னலோரம், காற்று, காற்றாலைகள், நான் தூங்கிவிட்டேன். எழுந்தபோது பாலத்துக்குக் கீழே ஒரு ஆறு ஓடியது. காங்கேயத்தில் ஆறு உண்டென்று யாரும் சொல்லவில்லையே என்று பார்த்தால், அது அமராவதி, ஊர் தாராபுரம்.

"தாராபுரங்களான்னு கேட்டனே, ஆமான்னு தலையாட்டுனீங்களேங்க!" என்றார் நடத்துநர். அதற்கும் தலையாட்டினேன்.

அவரே இறங்கிவந்து என்னைக் காங்கேயம் பேருந்தில் ஏற்றி, அந்த நடத்துநரிடம், "இந்தம்மாளுக்குப் பேச வராதுங்க, பாத்து எறக்கி உடுங்க" என்று ஒப்படைத்தார். வாழ்நாளில் என்னைப் பற்றி யாரும் அப்படிச் சொன்னதில்லை. வழியெல்லாம் பயணிகள் என்னிடம் கையாலேயே பேசினார்கள். ஒரு அம்மாள் வாழைப்பழத்தை உரித்தே கொடுத்தாள்.

பூங்கொடி நெடுநெடுவென்று உயரம், மெல்லிய குரல். வீட்டுக்குப் பின்னாலேயே ஆலை. காற்றெல்லாம் தேங்காய் எண்ணெய் வாசம், சுவரெல்லாம் இயந்திரத்தின் கடகடச் சத்தம். இலையில் சந்தகை பரிமாறினார். எங்கள் ஊரில் புட்டு மாயம் என்று விற்கும் இடியாப்பத்துக்கு உறவுதான், ஆனால் இது வாயில் போட்டதும் கரைந்துவிடுகிறது. அதன்மேல் தேங்காய்ப்பால் ஊற்றி, நாட்டுச்சர்க்கரையும் தூவி நீட்டினார். அதைச் சாப்பிட்டுவிட்டு 'நல்லாயிருக்கு' என்று ஊர் கேட்கக் கத்தாமல் இருப்பது எனக்கு எவ்வளவு பெரிய தவம் என்று யாருக்குத் தெரியும்? அவர் ஏதேதோ கேட்டார். பாதி இயந்திரச் சத்தத்தில் போயிற்று. நான் சிரித்தேன், தலையாட்டினேன், சாப்பிட்டேன்.

கை கழுவப் போனபோது சமையலறைப் பக்கம் அவர் தன் கணவரிடம் சொல்வது காதில் விழுந்தது.

"வந்ததுல இருந்து ஒரு வார்த்தை பேசலீங்க. நானும் பொறுக்கமாட்டாம, 'எங்க ஊடு உங்களுக்குப் புடிக்கலீங்களா'ன்னு கேட்டுப்போட்டேன். சிரிச்சுக்கிட்டே ஆமான்னு தலையாட்டிப்போட்டாங்க." குரல் உடைந்தது. "பையன் ஆசைப்பட்டுப்போட்டானேங்க. என்ற அண்ணங்கிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?"

ஈரக் கையோடு அப்படியே நின்றுவிட்டேன். என் வாயால் கல்யாணம் கெட்டுவிடும் என்று பயந்த பிள்ளைக்கு, என் தலையால் கெட்டுக்கொண்டிருந்தது. ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து விளக்கம் சொல்லத்தான் துடித்தேன். ஆனால் எனக்கு என்னைத் தெரியும். பதற்றத்தில் வாயைத் திறந்தால் விளக்கமா வரும்? ஏலம்தான் வரும். அந்த நேரம் பார்த்து யாழினியின் செய்தி: "அமைதியா இருக்கீங்கல்ல? என் செல்ல அம்மா."

நாளைக்கு ஓடிக் காட்டுவோம் என்று முடிவு செய்தேன். முதல் ஆளாகப் போய் நின்றால், இவள் நம்மோடு சேர ஆசைப்படுகிறாள் என்று புரியாதா?

மூன்றாம் நாள் விடிய ஏழு பெண்கள் ரோட்டில் நின்றார்கள். சுடிதாரும் ஷூவும், ஒருவர் மட்டும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு. யார் கையிலும் கத்தி இல்லை. எல்லாரும் கொண்டை போட்டிருந்தார்கள். அடடா, இவர்களுக்கும் தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வேலிக்கு நடுவே செம்மண் பாதை. நான் சிட்டாகப் பறந்தேன். பூங்கொடி பின்னாலிருந்து ஏதோ கூப்பிட்டார், திரும்பிச் சிரித்துத் தலையாட்டிவிட்டு இன்னும் வேகம் எடுத்தேன். கொறங்காட்டின் படல் கதவு திறந்தே இருந்தது. உள்ளே கால் வைத்ததும் விதிப்படி கொண்டைக்குள் கைவிட்டுக் கத்தியை உருவினேன். வலை அறுந்தது, முடி அவிழ்ந்து முகத்தில் விழுந்தது. டக்கென்று அலகைத் திறந்து பிடித்துக்கொண்டு சத்தமே இல்லாமல் ஓடினேன்.

எதிரே ஆடுகள். ஆடுகளுக்கு அந்தப் பக்கம் போசி நிறையப் பாலோடு ஒரு பெரிய மீசைக்காரர். தலைவிரி கோலமும் கையில் கத்தியுமாக ஒருத்தி வாய் பேசாமல் தன் ஆட்டுப்பட்டியை நோக்கி ஓடிவருவதை அவர் பார்த்தார். போசி கீழே விழுந்தது.

"ஆரது? காளியாத்தாளா, ஆட்டுத் திருடியா?" என்று அலறினார்.

அந்த அலறலில் வேலமரத்துக்குப் பின்னாலிருந்து ஒன்று எழுந்து நின்றது. காங்கேயம் காளை. அதன் திமில் என் தோளுயரம். கொம்பைத் தாழ்த்தி ஒரு தடவை தரையைக் கிளறியது. நாய் வேறு குரைத்துக்கொண்டு வந்தது.

படலருகே பூங்கொடியும் மற்றவர்களும் வந்துவிட்டார்கள். "கத்தி ஓடியாங்க! கத்தீ! கத்தீ!" என்று எல்லாரும் கூவினார்கள்.

கத்திதானே? கத்தியை இன்னும் உயரத் தூக்கிக் காட்டினேன். காளைக்கு அது பிடிக்கவில்லை. நேராக என்னைப் பார்த்து வர ஆரம்பித்தது. காளைக்கும் எனக்கும் நடுவில் இரண்டு எலுமிச்சம்பழக் கனம்கூட இல்லாத ஒரு கத்தி.

அப்போது சத்தியம், மகள், மானம் எல்லாம் போயிற்று. மீனுக்கு ஐஸ் வண்டி தள்ளிவரும்போது அப்பா போடும் சந்தைக் குரல் அடிவயிற்றிலிருந்து வந்தது.

"ஓரம் போ! ஐஸ் வருது, ஓரம் போ! ஓரம் போன்னா போ!"

வேலியிலிருந்து நான்கைந்து மயில்கள் பறந்தன. நாய் உட்கார்ந்தது. ஆடுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓரம் போயின. காளை நின்றது. என்னை ஒரு தடவை நன்றாகப் பார்த்தது. பிறகு அதுவும் ஓரமாகப் போய்ப் புல்லைக் கடித்தது.

முதலில் மீசைக்காரர்தான் வாய் திறந்தார். "ஏனுங்க அம்மணி, என்ற காளை நான் சொன்னாவே கேக்காதுங்க. ஐஸ்னா என்னன்னு அதுக்கு எப்படித் தெரிஞ்சுதுங்க?"

பூங்கொடி மூச்சிரைக்க ஓடிவந்து என்னைப் பிடித்துக்கொண்டார். "எதுக்குங்க கத்தியைத் தூக்கிக்கிட்டு ஓடியாந்தீங்க?"

"நீங்கதானே கத்தியோட ஓடச் சொன்னீங்க!" என்றேன். இனி என்ன இருக்கிறது? முழுக்குரலில்தான் சொன்னேன். போனை எடுத்துக் காட்டினேன்.

அவர் படித்தார். மறுபடி படித்தார். அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். "கத்தி... ஓடோணும்னு சொன்னனுங்க. கத்திக்கிட்டே ஓடோணும்னு! வாயில சொன்னதை இந்தப் போனு நடுவுல எடம் உடாம ஒட்டவெச்சு எழுதிப்போடுச்சுங்க."

யாரோ வருகிறார்கள் என்று மாட்டுக்கும் நாய்க்கும் தெரிய வேண்டுமாம். அதனால் கொறங்காட்டில் நுழையும்போது கூவிக்கொண்டே போவதுதான் அங்கே மரியாதையாம். சத்தமில்லாமல் நுழைகிறவன் திருடன். பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியை சொல்லிக்கொடுத்தது நினைவுக்கு வந்தது: இகரத்துக்குப் பின்னால் உயிரெழுத்து வந்தால் நடுவில் ஒரு யகரம் ஏறி உட்காரும். அந்த ஒரு யகரம் என்னை ஆட்டுத் திருடியாக்கிவிட்டது.

"அப்ப நேத்து ஊடு புடிக்கலைன்னு தலையாட்டுனீங்களே?" என்றார் பூங்கொடி. சிரிப்பு நின்று கண்ணில் தண்ணீர் நின்றது.

"நீங்க கேட்டதே எனக்குக் கேக்கலைங்க! ஆலைச் சத்தம்! வீடு பிடிச்சிருக்கு, சந்தகை பிடிச்சிருக்கு, உங்களையும் பிடிச்சிருக்கு. கத்தினா உங்களுக்குப் பிடிக்காதுன்னு என் மகதான் என் வாயைக் கட்டிப்போட்டா!" இதற்கும் காளை நிமிர்ந்து பார்த்தது.

மீசைக்காரர் கத்தியைப் பார்க்கக் கை நீட்டினார். நான் கொடுக்கப் போனேன். பூங்கொடி குறுக்கே பாய்ந்தார். "அண்ணா, கைல வாங்காதீங்க! சம்பந்தம் பேசற நேரத்துல சண்டை வந்துரும்!"

அண்ணாவா? அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவர்தான் அந்தத் தாய்மாமன் துரைசாமி. கத்தியை அங்கிருந்த கல்மேல் வைத்தேன். அவர் எடுத்துத் திருப்பிப் பார்த்தார், விரலால் தூக்கிக் கனம் பார்த்தார், நான் கடையில் செய்தது போலவே.

"நல்லாத்தான் எடுத்திருக்கறீங்க," என்றார். பிறகு தங்கையிடம் திரும்பினார். "நாளைக்கே உப்புச்சர்க்கரை மாத்தற நாளைப் பாருங்க. பேசாத சம்பந்தியத்தான் நம்போணும்னு சொல்லுவாங்க. எனக்கென்னமோ பேசறவங்களைத்தான் புடிக்குது."

கைப்பெட்டியில் கத்தியைக் கொண்டுபோக முடியாது. பூங்கொடி வீட்டுச் சமையலறை மேடைமேல் வைத்துவிட்டு வந்தேன். கையில் தரவில்லை.

பேருந்து கிளம்பியது. மெல்லிய குரல் பூங்கொடி ரோட்டோரம் நின்று, இரண்டு கையையும் வாயருகே குவித்து, ஊரே திரும்பிப் பார்க்கக் கத்தினார்:

"ஏனுங்க சம்பந்தீ! எறங்கற எடத்தைக் கேட்டு எறங்குங்கோ! தலையாட்டிப்போடாதீங்கோ!"

சம்பந்தி. முதல் தடவையாக. என் தொண்டை சும்மா இருக்குமா? "சரீங்க சம்பந்தீ!" என்று நான் போட்ட சத்தத்தில் ஓட்டுநர் பிரேக் போட்டுவிட்டார்.

பல்லடம் தாண்டுவதற்குள் யாழினியின் செய்தி வந்தது. "அம்மா! மாமா சரின்னுட்டாராமே! என்னம்மா செஞ்சீங்க?"

'கத்தி ஓடினேன்' என்று எழுதி அனுப்பினேன். நடுவில் இடம் விட்டிருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன்.